மலைச்சரிவும் ஊர் நிதியும்

சண்டிகர் நகரின் சுக்னா ஏரி 1958-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. எழுபதுகளின் நடுப்பகுதிக்குள் அதன் கொள்ளளவில் பாதிக்கு மேல் வண்டலால் தூர்ந்துவிட்டது. தூர் வாரப் பணம் செலவாயிற்று. மண் வருவதோ நிற்கவில்லை. அந்த மண்ணின் பிறப்பிடத்தைத் தேடிச் சென்ற பி. ஆர். மிஸ்ரா முதலிய மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார், சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்திலுள்ள சுகோமஜ்ரி என்னும் சிற்றூரை அடைந்தனர்.

அவ்வூரார் ஆடு வளர்த்துப் பிழைத்தவர்கள். மேய்ச்சலால் குன்றுகள் மொட்டையாகி, மழைதோறும் மண் சரிந்தது. நகரத்து ஏரியைக் காப்பதற்காக ஆடுகளை விற்றுவிடுங்கள் என்றால் எந்தக் குடியானவன் இசைவான்? ஆகவே 1976-இல் ஊருக்கு மேலே ஒரு சிறு மண்ணணை கட்டி, மழைநீரைத் தேக்கி வயல்களுக்குப் பாய்ச்சினர். கோதுமை விளைந்தது. ஆனால் புதிய சிக்கலும் எழுந்தது. அணை நீர் எட்டிய நிலத்தாருக்கே ஆதாயம்; மேய்ச்சலை விடுவதோ எல்லாருக்கும் இழப்பு. நிலமற்றவர்கள் குன்றைக் காக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

இங்குதான் அவ்வூர் ஓர் அரிய முடிவுக்கு வந்தது. நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் அணை நீரில் சம பங்கு. நிலமில்லாதவர் தம் பங்கைப் பிறருக்கு விற்றுக்கொள்ளலாம். நீர்க் கட்டணத்தைத் திரட்டவும், காட்டுப் புல்லைக் குத்தகைக்கு எடுத்துப் பங்கிடவும் ஊர்ச் சங்கம் ஒன்று அமைந்தது. ஆடுகள் குறைந்து எருமைகள் பெருகின. காகித ஆலைக்குச் சென்ற பாபர் புல்லால் சங்கத்திற்கு வருவாய் கிட்டியது. ஏரிக்கு வரும் வண்டலும் பெரிதும் குறைந்தது. மண்ணணையைக் காட்டிலும் இந்தப் பங்கீட்டு ஏற்பாடே குன்றைக் காத்தது என்று கூறுவது மிகையாகாது.

மகாராஷ்டிரத்தில், புரந்தர் வட்டத்தின் வறண்ட ஊர்களில் விலாஸ்ராவ் சாளுங்கே தொடங்கிய நீர்ப் பஞ்சாயத்தும் இதே உண்மையை வேறு வழியில் உணர்ந்தது. அங்கே தண்ணீர் தலைக்கு அரை ஏக்கர் என்ற அளவில். கரும்பு பயிரிடத் தடை. முதலீட்டில் ஐந்தில் ஒரு பங்கை உறுப்பினரே முன்கூட்டிச் செலுத்தினர். தம் பணமும் கலந்திருந்ததால் ஏற்றுநீர்ப் பொறியைத் தம்முடையதாகக் கருதிப் பேணினர்.

அரசுத் திட்டங்களின் வரலாறு வேறு. வறட்சிப் பகுதித் திட்டம் 1973-74-லும், பாலைநில வளர்ச்சித் திட்டம் 1977-78-லும் தோன்றின. 1990-91-இல் வேளாண்மைத் துறையும் மானாவாரிப் பகுதிகளுக்குத் தனித் திட்டம் வகுத்தது. ஒரே சரிவில் மேற்பகுதி வனத்துறையிடம், நடுப்பகுதி வருவாய்த்துறையிடம், அடிநிலம் உழவரிடம். விதிமுறைகளும் மான்ய அளவுகளும் துறைக்குத் துறை மாறின. முகட்டில் பணி தொடங்குமுன் பள்ளத்தில் தடுப்பணை கட்டினால், அடுத்த மழையிலேயே அது வண்டலால் நிரம்பும். கோப்பில் மட்டும் அது நிறைவேறிய பணியாக நிற்கும்.

அனுமந்தராவ் குழு 1994-இல் அளித்த பரிந்துரைகளின் பேரில், 1995 ஏப்ரல் முதல் ஊரக வளர்ச்சித் துறையின் திட்டங்களுக்குப் பொது நெறிமுறைகள் நடைமுறைக்கு வந்தன. சுமார் 500 ஹெக்டேர் கொண்ட நீர்வடிப்பகுதி ஓர் அலகாயிற்று. நிதியில் நூற்றுக்கு 80 பங்கு பணிகளுக்கும், எஞ்சியது பயிற்சி, மக்களைத் திரட்டுதல், நிர்வாகம் ஆகியவற்றுக்கும் ஒதுக்கப்பட்டன. பணித் தொகை ஊர்க் குழுவின் கணக்கிற்கே சென்றது. இது சிறு மாற்றமன்று. ஒப்பந்தக்காரரை நம்பியிருந்த ஊர், தானே கூலி கணக்கிட்டு வரவு செலவு எழுதக் கற்றது. வேளாண்மைத் துறையையும் உள்ளடக்கிய ஒரே நெறிமுறை 2008-இல்தான் வந்தது. அப்போது சமவெளியில் ஹெக்டேருக்கு 12,000 ரூபாய் என்றிருந்த அளவு, 2021-22-இல் தொடங்கிய கட்டத்திற்கு 22,000 ஆக உயர்த்தப்பட்டது.

தொகை உயர்ந்தது நன்று. ஆயினும், திட்டம் முடிந்து அதிகாரிகள் விலகிய பின் உடைந்த கரையை அடைப்பது யார் பொறுப்பு? சுகோமஜ்ரியிலேயே பிற்காலத்தில் அணைகள் தூர்ந்தன; நீர்ப் பங்கீடும் தளர்ந்தது. இதற்கென்றே நெறிமுறைகள், பயனடைவோரின் பங்களிப்பைப் பராமரிப்பு நிதியாக வங்கியில் சேர்க்கச் சொல்கின்றன. பங்களிப்பை உண்மையாகத் திரட்டாமல், கூலியிலிருந்து பிடித்துக் கணக்குக் காட்டினால், அந்த நிதி ஏழைத் தொழிலாளி செலுத்திய வரியாகவே முடியும். அந்தப் பணத்தை எடுக்கக் கையொப்பமிடுபவர் யார், எந்தப் பழுதுக்கு எவ்வளவு எடுக்கலாம், நிலமற்றவர் குரலுக்குக் குழுவில் என்ன இடம் என்பவற்றை, முதல் கல் நடப்படுமுன்பே கிராம சபையில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கடைசித் தவணை வந்து சேர்ந்த பிறகு இவற்றைப் பேச ஊரார் கூடுவதில்லை.