நடை தளரும் முன்னே

ஜவ்வாது மலையில் கால்தான் பிழைப்பு. சாமைக் கொல்லைக்கும் புளியந்தோப்புக்கும் ஏறி இறங்குகிற ஒருவருக்கு முதுகு வலித்தால், சுமை தூக்கிய வலி என்றே நினைப்போம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் உழைத்த வலி படுத்தால் தணியும். படுத்தால் கூடுகிற, நடுராத்திரியில் எழுப்பி உட்கார வைக்கிற வலி வேறு. அதோடு கால் மரத்துப்போய், செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்தால், முதுகெலும்புக்குள் நரம்புறைக் கட்டி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

நரம்பைப் போர்த்திய உறையில் வளரும் இக்கட்டிகளில் ஷ்வான்னோமாதான் அதிகம். பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, மெதுவாக வளரும். அப்படியானால் கிடக்கட்டுமே என்பார்கள். முதுகெலும்புக் குழாய் விரிந்து கொடுக்காது. கட்டி வளர வளர நசுங்குவது தண்டுவடம். முதுகில் கத்தி வைத்தால் கால் விழுந்துவிடும் என்ற பயமும் உண்டு. இந்தக் கட்டி பெரும்பாலும் தண்டுவடத்துக்கு வெளியே, ஒரு நரம்பு வேரில் முளைப்பது. எலும்பின் பின்பக்கத்தைத் திறந்து, சவ்வை விலக்கி, நுண்ணோக்கியில் பார்த்தபடி தண்டுவடத்தைத் தொந்தரவு செய்யாமல் அதைப் பிரித்தெடுக்கிறார்கள். சில வேளை அந்த வேரிழையை வெட்ட நேரும். அக்கம்பக்கத்து நரம்புகள் அதன் வேலையைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கின்றன. தொற்று, நீர்க்கசிவு, புதிய பலவீனம் ஆகிய ஆபத்துகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் முழுதாக எடுத்த கட்டி மறுபடி வருவது குறைவு. 1887இல் லண்டனில், எம்.ஆர்.ஐ.யோ அறுவை நுண்ணோக்கியோ இல்லாத நாளில், அறுவை மருத்துவர் விக்டர் ஹார்ஸ்லி ஒரு தண்டுவடக் கட்டியை அகற்றினார். கால்கள் செயலிழந்திருந்த அந்த நோயாளி பிறகு நடந்தார். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. அழுத்தம் நீடிக்க நீடிக்க மீட்சி குறையும். கால் விழுந்த பிறகு கொண்டுவரப்பட்டவர் நடக்காமல் போனால், பழி கத்தியின் மேல் விழுகிறது. தவறு தாமதத்தில் இருக்கிறது.

எல்லாக் கட்டியையும் உடனே அறுக்கச் சொல்லவில்லை. வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த, தொல்லை தராத சிறு கட்டியை அவ்வப்போது எம்.ஆர்.ஐ. எடுத்துக் கவனித்தாலே போதும். நடை தளரத் தொடங்கியவருக்கு அந்த அவகாசம் இல்லை. மலைக்குக் கீழே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான் ஜேக்கப் சாண்டி 1949இல் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். மருத்துவம் பக்கத்திலேயே இருக்கிறது; நோயைச் சந்தேகிப்பதில்தான் நாள் வீணாகிறது. சாதாரண எக்ஸ்ரேயில் கட்டி தெரியாது, எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடக் கூடாது. மலைக் கிராமச் செவிலியர்களே, முதுகு வலி என்று வருகிறவரிடம் இரவில் எப்படி இருக்கிறது, செருப்பு கழல்கிறதா, சிறுநீர் தடையின்றிப் போகிறதா என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் அன்றைக்கே கீழே அனுப்புங்கள்.