இருபதாண்டுக் கிருமியும் இரண்டாண்டு நல்கையும்



தொழுநோய் ஆய்வில் என்னைவிடத் தேர்ந்தவர்கள் அமர்ந்திருக்கும் இந்த அவைக்குத் தலைமை ஏற்பது பெரும்பேறு. உள்ளூரச் சற்றுத் தயக்கமும் உண்டு. அறக்கட்டளைகளின் நிதியும் இளம் ஆய்வாளர்களும் என்பது நமக்குத் தரப்பட்ட பொருள். நிதி எங்கே கிடைக்கும், எப்படி விண்ணப்பிப்பது என்பவை நீங்கள் அறிந்தவையே. பிற்பகல் அமர்வுகளும் அவற்றைப் பேசும். நான் ஒரு பழைய வழக்கை மீண்டும் எடுக்கிறேன்.

பத்தாயிரம் பேருக்கு ஒரு தொழுநோயாளிக்கும் குறைவு என்ற இலக்கை 2005 டிசம்பரில் இந்தியா எட்டியது. இனி இந்நோய்க்கு ஆய்வு எதற்கு என்று அன்று கேட்ட மூத்த நண்பர்கள் மேல் எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு. கூட்டு மருந்தை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவர்கள் அவர்களே. ஆனால் அந்த எண் எப்படி வந்தது? சிகிச்சைப் பதிவேட்டில் இருந்தவர்களை மட்டுமே எண்ணினோம். கிருமி மிகுந்த வகைக்கான 24 மாதச் சிகிச்சை 12 மாதமானபோது, ஒருவர் பெயர் பதிவேட்டில் நிற்கும் காலமும் பாதியாயிற்று. தொற்று ஓரிடத்திலும் குறையாவிட்டாலும் அந்த எண் சரிந்தே இருக்கும். 2023-ல் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 1.8 லட்சத்துக்கும் மேல். பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். அந்த இலக்கை வெற்றியாகக் கொண்டாடியதில்தான் நம் இளையவர்களுக்கான நிதி வற்றத் தொடங்கியது என்பது என் உறுதியான கருத்து.

மிஞ்சியிருக்கும் அறநிதியும் கிருமியின் இயல்புக்கு ஒத்துவரவில்லை. 1873-ல் ஹான்சன் கண்ட இந்தக் கிருமியை இன்றுவரை ஆய்வகத் தட்டில் வளர்க்க முடியவில்லை. 1960-ல் ஷெப்பர்டு காட்டியபடி எலியின் பாதத்தில் வளர்ப்பதே இன்னும் நமக்கு முதன்மையான வழி. கிருமி ஒருமுறை இரட்டிக்க ஏறத்தாழ இரண்டு வாரம்; ஒரு சோதனை முடியப் பல மாதங்கள். தொற்றியவரிடம் நோய் தெரியச் சராசரி 5 ஆண்டு, சிலரிடம் 20 ஆண்டுகூட. இதற்கு நாம் தருவது இரண்டாண்டு, மூன்றாண்டு நல்கை. முதல் தொகுதி எலிகளின் முடிவு கைக்கு வரும்போதே இறுதி அறிக்கையும் எழுத வேண்டியிருக்கிறது. திறமையான பிள்ளைகள் வேறு துறைக்குப் போவதை எப்படிக் குறை சொல்வது?

அறப்பணம் பொறுமையாக இருந்த காலமும் உண்டு. தொழுநோயாளியின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்விழந்த கையில் படும் காயங்களும் சீழும்தான் அவற்றை அழிக்கின்றன என்று வேலூரில் மருத்துவர் பால் பிராண்ட் நிறுவியது, அதே நோயாளிகளின் கைகளை ஆண்டுக்கணக்கில் பார்த்துவந்ததால். அறநிறுவனங்களின் ஆதரவில் 1955-ல் எழுந்த கரிகிரி தொழுநோய் மருத்துவமனையின் ஊழியர்கள் குடியாத்தம் வட்டாரத்தில் ஊர் ஊராகச் சென்று நோயாளிகளைப் பதிந்தார்கள். அத்தகைய களப்பதிவுகளை நம் கட்டுரைகளில் மேற்கோளாக அரிதாகவே காண்கிறேன். மரபணு வரிசை படிக்கும் கருவிக்குப் பணம் எளிதில் கிடைக்கிறது. பழைய பதிவேடுகளைத் திறந்து படிக்க ஒருவருக்குச் சம்பளம் கேட்டால் அது ஆய்வல்ல என்கிறார்கள். மிகுந்த மரியாதையோடு இதை மறுக்கிறேன். யார் வீட்டில் யாருக்கு எந்த ஆண்டில் நோய் தெரிந்தது என்ற விவரம் இல்லாமல், தொற்று பரவிய வழியை மரபணு மட்டும் சொல்லிவிடாது.

பல அறநிறுவனங்கள் நிதியைச் சேர்த்துப் பொதுவாக வழங்கும் ஏற்பாடு நம் துறையில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பொதுநிதியிலிருந்து முனைவர் பட்டம் முடித்தவர்களுக்குச் சம்பளத்தோடு ஐந்தாண்டுப் பணியிடங்கள் வேண்டும். எலிப்பாத ஆய்வகத்தின் தொழில்நுட்பநருக்கும் களப்பணியாளருக்கும் அதிலேயே ஊதியம் வேண்டும். நல்கைகளின் எண்ணிக்கை இதனால் பாதியாகக் குறைந்தாலும் எனக்குச் சம்மதமே. மறுப்போர் இந்த அவையில் இருப்பதை அறிவேன். முதல் அமர்வை அவர்களே தொடங்கட்டும்.