பட்டுக்கூட்டு மூட்டையும் விண்கலமும்



மெட்ரிகுலேஷனோடு நின்று, புகைவண்டி நிலையத்திலே பார்சல் கணக்கு எழுதிய நாம் விண்கலத்தைப் பற்றிப் பேசுவதா என நகைக்க வேண்டா. எடைக்கும் இடத்துக்கும் உள்ள வழக்கு எமக்குப் பழகிய ஒன்று. பட்டுக்கூட்டு மூட்டை எடையிற் குறைந்தது, வண்டியையோ அடைத்துக்கொள்ளும். ஆதலின் அத்தகைய சரக்குக்குப் பருமனை அளந்தே கூலி விதிப்பது ரயில்வே முறை.

ஹைட்ரஜன் எனப்படும் நீரகம் அவ்வினத்துச் சரக்கு. ஒரு லிட்டர் வாயு, கிராமிற் பத்திலொரு பங்குகூட நிறை இல்லை. சுழியத்துக்குக் கீழ் 253 டிகிரி வரை குளிர்வித்தால் அது நீர்மமாகி, எண்ணூற்றில் ஒரு பங்களவாகச் சுருங்கும். ஜேம்ஸ் டிவார் என்னும் அறிஞர் 1898இல் இதனைச் செய்து காட்டினார். அங்ஙனம் சுருக்கியும் லிட்டருக்குத் தேறுவது 71 கிராமே. மண்ணெண்ணெயோ 800 கிராம். எனினும், எடைக்கு எடை அது தரும் வெப்பம் மண்ணெண்ணெயினும் ஏறத்தாழ மும்மடங்கு. விண்கலத்தார் அதனைக் கைவிடாமைக்குக் காரணம் இதுவே.

கதைகளில் வரும் விண்கப்பல்கள் சிறு குப்பியளவு எரிபொருளோடு விண்மீன்களைத் தாண்டுகின்றன. மெய்யாகவே நீர்மத்தினும் நெருக்கி அடைக்க வழியுண்டு. பல்லேடியம் என்னும் உலோகம் தன் பருமனைப்போல் 900 மடங்கு நீரக வாயுவை உறிஞ்சவல்லது. ஆனால் ஒரு லிட்டர் பல்லேடியத்தின் நிறை 12 கிலோ! ஏறத்தாழ 80 கிராம் சரக்குக்கு 12 கிலோ பெட்டி! எந்த வணிகர் அனுப்புவார்? ஒரு லிட்டர் தண்ணீரிலும் 111 கிராம் நீரகம் உண்டு. பிரிப்பதற்குச் செலவாகும் ஆற்றல், எரித்துப் பெறுவதற்குக் குறையாது. வேறு ஆற்றலுடைய கப்பலுக்கே அது ஆகும்.

ஆகவே நம்மவர் குளிர் நீர்மத்தையே ஆளுகின்றனர். 1993இல் ருஷியா இந்நுட்பத்தைத் தர மறுத்தபின், திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரியிலே சோதித்துச் சோதித்து உருவாக்கினர். 2010இல் முதன்முயற்சி வீணாயிற்று. 2014 ஜனவரி 5ஆம் நாள் நம் திருப்பதி மாவட்டத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வெற்றியோடு எழுந்தது.

வென்ற பின்னும் அந்நீர்மம் அடங்கிற்றா? 2021 ஆகஸ்டு 12ஆம் நாள் ஏவிய கலம் பழுதுற்றது. நீரகத் தொட்டியின் வால்வு ஒன்றில் மென்மையான அடைப்பு சிதைந்தமையால் அழுத்தம் குறைந்து, விண்ணில் நிலைபெற வேண்டிய செயற்கைக்கோள் வீழ்ந்தது. நிலையக் குழாயில் வாஷர் தேய்ந்தால் நாம் ஒரு வாளியை வைத்துச் சமாளிப்போம். அங்கே வாளி வைக்க இடமில்லை!

2023 ஜூலை 14ஆம் நாள் சந்திரயான் 3 ஏறிச் சென்ற ஏவுகலத்தின் மேலடுக்கில் நிரப்பியது ஏறத்தாழ 28 டன். எடையிற் பெரும்பங்கு ஆக்ஸிஜன். பெரிய தொட்டியோ நீரகத்துக்கு. அங்கும் அதே பட்டுக்கூட்டு மூட்டைதான்.