ஆங்கிலம் எழுதப் பழகுவோம்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கிராம வளர்ச்சி என்றவுடன் சாலை, குடிநீர், ஏரி மராமத்து ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொன்றைப் பற்றி இன்று கூற விரும்புகிறேன். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் நான்கு வரி தெளிவாக எழுதப் பழகவேண்டும் என்பதே அது.

ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைத்த நம் வட்டாரம் இன்று தொழிற்சாலைகளின் வட்டாரமாகவும் விளங்குகிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிற்று. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையும், 2012இல் டெய்ம்லர் லாரி ஆலையும் திறக்கப்பெற்றன. இவற்றை நிறுவியோர் கொரியர், பிரெஞ்சுக்காரர், ஜப்பானியர், ஜெர்மானியர் ஆவர். இவர்களுள் எவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அன்று. ஒருவரோடொருவர் பேச அமைத்துக்கொண்ட பாலமே அது. அந்தப் பாலத்தில் நடக்க நம் பிள்ளைகள் மட்டும் ஏன் கூசவேண்டும்?

தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்தைப் பிடியுங்கள் என்று நான் கூறவில்லை. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழே நம் மாநிலத்தின் ஆட்சிமொழி. அரசு அலுவலகங்களுக்கு மனுக்களைத் தமிழிலேயே எழுதுங்கள். தொழிற்சாலையில் காட்டப்பெறும் அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்கவேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. ஆகவே புரியாத தாளில் கையொப்பமிடுமுன் தமிழில் விளக்கம் கேட்பது குற்றமாகாது.

எனினும், பழுது அறிக்கையும் ஷிப்டுக் குறிப்பேடும் ஆங்கிலத்தில் இருக்கும் இடங்கள் உண்டு. இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே கோளாறு இன்னதென்று அறியும் இளைஞன், அதை எழுதத் தெரியாமல் வீடு திரும்பினால், அடுத்த ஷிப்டில் வருபவனின் கைவிரல்களுக்கன்றோ ஆபத்து! மேலும், 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டதை நாம் கண்டோம். ஆலை மூடப்படலாம், கற்ற எழுத்து நம்மோடு அடுத்த வாயிலுக்கும் வரும்.

எழுதப் பழகும் முறை

முதலாவது, தெரிந்த சொற்களிலிருந்து தொடங்கவேண்டும். மோட்டார், ஸ்டார்ட்டர், ஃபியூஸ், போல்ட், வால்வு என்று ஏர் பிடிப்பவர் வாயிலும் எத்தனையோ ஆங்கிலச் சொற்கள் உள்ளன. நாவில் உள்ளவற்றை ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்ப்பதே முதற் பாடம். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி ஒன்றாக இருக்குமாதலால், ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதவேண்டும்.

இரண்டாவது, சொல் வரிசை. தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் இறுதியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். 'நான் இயந்திரத்தை நிறுத்தினேன்' என்பதை 'நான் – நிறுத்தினேன் – இயந்திரத்தை' என்று மனத்தில் அடுக்கிக்கொண்டு எழுதவேண்டும்.

மூன்றாவது, எழுவாயை விடலாகாது. 'வந்தேன்' என்றாலே வந்தவர் யார் என்பது தமிழில் விளங்கும். ஆங்கில வினை அதைக் காட்டாது. 'நான்' என்பதற்குரிய சொல்லை எழுதியே தீரவேண்டும். அவ்வாறே பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'ஏ', 'தி' என்னும் சிறு சொற்கள் தமிழில் இல்லாமையால் நம்மவர் அவற்றை மறப்பது வழக்கம். எழுதி முடித்தபின் இவற்றிற்காகவே ஒருமுறை திரும்பப் படிக்கவேண்டும்.

நான்காவது, நீண்ட வாக்கியத்தை உடைக்கவேண்டும். 'இரவு வந்து, இயந்திரத்தை ஓட்டி, சத்தம் கேட்டு, நிறுத்திவிட்டு, மேற்பார்வையாளரிடம் சொன்னேன்' என்பது நல்ல தமிழ். ஆங்கிலத்தில் எழுதப் பழகுவோர் இதை ஐந்து சிறு வாக்கியங்களாக்குவது நலம்: நான் இரவு வந்தேன். நான் இயந்திரத்தை ஓட்டினேன். எனக்குச் சத்தம் கேட்டது. நான் அதை நிறுத்தினேன். நான் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். விடுப்புக் கடிதத்திற்கும் இம்முறையே போதும். எத்தனை நாள், எந்தத் தேதி முதல், என்ன காரணம் என்ற மூன்றும் இருந்தால் கடிதம் நிறைவு பெறும். பணிவுச் சொற்களை அடுக்கவேண்டியதில்லை.

உதவிகள் எங்கே?

1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின் வழியே நாம் வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்தி வருகிறோம். அந்த நூலகத்தின் பயனை நாம் பெறவேண்டாமா? 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிகளில் நூலகங்கள் கட்டப்பெற்றன. உங்கள் ஊர் நூலகத்தின் கதவு மாலையில் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆங்கிலம்-தமிழ் அகராதி ஒன்று அங்கு அவசியம் இருக்கவேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட அகராதி இத்துறையில் பெரும் பணியாகும். 1943 முதல் ஆங்கிலப் பாடம் நடத்திவரும் பிபிசியின் பாடங்களைக் கைப்பேசியிலேயே கட்டணமின்றிக் கேட்கலாம். 2014இல் தொடங்கப்பெற்ற தீனதயாள் உபாத்யாய ஊரகத் திறன் பயிற்சித் திட்டத்தில், தொழிற்பயிற்சியோடு ஆங்கிலமும் கணிப்பொறியும் பாடமாக வைக்கப்பட்டுள்ளன.

விவசாயப் பெருமக்களுக்கும் இதில் பங்குண்டு. பூச்சிமருந்துப் புட்டியில் உள்ள முக்கோணம் சிவப்பானால் மிகக் கொடிய நஞ்சு என்பது பலருக்குத் தெரியும். மருந்தின் பெயரையும் அளவையும் மாலையில் பிள்ளையிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் செய்யுங்கள். அவனுக்கு அது பாடம். உங்களுக்கு அது பாதுகாப்பு.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபையில் இதை ஒரு பொருளாக வையுங்கள். நூலகம் மாலையில் இரண்டு மணி நேரம் திறந்திருக்கட்டும். ஊரிலுள்ள பட்டதாரி ஒருவர் வாரம் இருமுறை வந்து பிள்ளைகளின் குறிப்பேடுகளைத் திருத்தட்டும். ஒவ்வொரு பிள்ளையும் நாள்தோறும் ஐந்து வரி எழுதட்டும். ஆண்டு முடிவில் அது ஆயிரத்து எண்ணூறு வரிகளைத் தாண்டும். சிறு துளி பெருவெள்ளம் என்பதை ஏரி நீர் பாய்ச்சும் உங்களுக்கு நான் சொல்லவேண்டுவதில்லை.