ஒன்று, இரண்டு, மூன்று

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 2003-ல் மாநகராட்சித் தேர்தல் நடந்தது. தொழிலாளர் கட்சிக்கு விழுந்த ஓட்டு பாதிக்கும் குறைவு. கிடைத்த இடமோ 79-க்கு 71! மற்றவர்களுக்குப் போட்ட ஓட்டெல்லாம் ஆற்றில் கரைத்த புளிதான்.

2007-ல் முறையையே மாற்றிவிட்டார்கள். வார்டுக்கு மூன்று அல்லது நான்கு உறுப்பினர்கள். சீட்டில் பெருக்கல் குறி கிடையாது. பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, அப்புறம் 3 என்று எண் எழுத வேண்டும்.

மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கும் வார்டில் செல்லுபடியான ஓட்டு 4,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 1,001. அதைத் தொட்டவர் ஜெயித்தவர். அதற்குமேல் விழுந்தது வீணாகாது. அடுத்த எண் வாங்கியவர்களுக்குப் பின்னமாகப் பிரிந்து போகும். கடைசியில் நிற்பவரை நீக்கிவிட்டு அவர் ஓட்டையும் பிரிப்பார்கள். இந்தப் பின்னக் கணக்கை விரல்விட்டு எண்ண முடியுமா? இயந்திரம்தான் எண்ணுகிறது.

முறை மாறிய 2007-லேயே தொழிலாளர் கட்சி 45-க்கு இறங்கியது. 2022-ல் மொத்தம் 85 இடம். ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு 37, தொழிலாளர் கட்சிக்கு 36, பசுமைக் கட்சிக்கு 10, கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 2. தனிப் பெரும்பான்மை யாருக்கும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சீட்டில் பெயர்கள் குடும்பப் பெயரின் அகரவரிசையில் இருக்கும். ஒரே கட்சியில் இருவர் நின்றால், மேலே இருப்பவருக்கே பலர் 1 போட்டுவிடுகிறார்கள். அதனால் கட்சிக்காரர்கள் வார்டை இரண்டாகப் பிரித்து, “இந்தப் பக்கத்துத் தெருக்காரர்கள் மட்டும் கீழே இருப்பவருக்கு 1 போடுங்கள்” என்று வீடு வீடாகக் கேட்பதுண்டு.