சோயா பால் மாவு: ஒரு பொறியாளனின் கணக்கு

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"இஞ்சினீயருக்குப் பால் மாவைப் பத்தி என்னலே பேச்சு?" என்று பின்வரிசையில் என் விடுதித் தோழர்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் தங்கைக்கு நான்கு மாதப் பெண் குழந்தை. தாய்ப்பாலோடு கொஞ்சம் டின் பாலும் கொடுத்து வந்தாள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்ததும், பக்கத்து வீட்டு மதினி "பால் சேரல, சோயா டின்னுக்கு மாத்து" என்று சொல்ல, வாங்கியும் வந்துவிட்டார்கள். அன்று இரவே செல்போனில் ஒரு செய்தி: சோயா குடித்த பெண் பிள்ளைகள் காலத்துக்கு முன்பே வயதுக்கு வந்துவிடுவார்களாம்! தங்கை பதறிப்போய் எனக்குப் போன் செய்தாள். "அண்ணே, நீ படிச்சவன்தானே? கொடுக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லு."

ஒரே வார்த்தையில் சொல்ல என்னால் முடியவில்லை. மறுநாள் பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போனோம். குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு, "இது தானா சரியாயிடும். தாய்ப்பாலை நிறுத்தாதீங்கம்மா, சோயா தேவையில்லை" என்றார். அப்படியே சரியாகிவிட்டது. டின்னைத் திறக்கவே இல்லை. ஆனால் தங்கையின் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்தேன்.

அந்தச் செய்தி முழுக்கப் பொய்யும் அல்ல, முழுக்க மெய்யும் அல்ல. சோயாவில் ஐசோஃபிளேவோன் என்ற பொருள் உண்டு. அது பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை ஓரளவு ஒத்தது. பெரியவர்களின் உடலில் ஹார்மோன் மாற்றம் காட்டும் அளவைவிட, உடல் எடைக் கணக்கில் 6 முதல் 11 மடங்கு சோயா மாவு குடிக்கும் குழந்தைக்குப் போகிறது என்று 1997இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. உலகமெங்கும் விவாதம் சூடுபிடித்தது அதன் பிறகுதான். ஆனால் அளவு ஒன்று, வீரியம் வேறொன்று. ஐசோஃபிளேவோனின் வீரியம் இயற்கை ஹார்மோனைவிட மிக மிகக் குறைவு.

2001இல் அமெரிக்காவில், சிசுவாக இருந்தபோது சோயா அல்லது பசும்பால் மாவு குடித்து வளர்ந்த 811 பேரை, 20 முதல் 34 வயதில் ஆராய்ந்தார்கள். பெரிய வேறுபாடு இல்லை. சோயா குடித்த பெண்களுக்கு மாதவிலக்கு சிறிது நீண்டிருந்தது. 2010இல் அந்நாட்டு அரசின் நச்சியல் அமைப்பு, ஐந்து படி அளவுகோலில் கீழிருந்து இரண்டாம் படியான 'மிகக் குறைந்த கவலை' என்று தீர்ப்புச் சொன்னது. 2018இல் வந்த ஓர் ஆய்வோ, சோயா குடித்த பெண் சிசுக்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் பட்டது போன்ற சிறு மாற்றங்களைக் காட்டியது. ஆக, வழக்கு இன்னும் முடியவில்லை.

ஆனால் நண்பர்களே, சோயா மாவு குடித்த குழந்தைகளுக்குக் கண்கூடாக நேர்ந்த கேடுகள் வேறு. 1950களிலும் 60களிலும் சில குழந்தைகளுக்குக் கழுத்துக் கழலை வந்தது. அயோடின் சேர்த்த பிறகு அது நின்றது. 1978இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தன் சோயா மாவில் உப்புச் சேர்ப்பதை நிறுத்தியது. குளோரைடு குறைந்து, குழந்தைகளின் உடல் தேறாமல் போயிற்று. அதனால்தான் 1980இல் அங்கே சிசு உணவுக்கென்றே தனிச் சட்டம் பிறந்தது. 2003இல் இஸ்ரேலில் விற்ற ஒரு சோயா மாவில் பி1 வைட்டமின், டின்னில் அச்சிட்ட அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குழந்தைகள் இறந்தன, பிழைத்த சிலருக்கு மூளை பாதித்தது. சோயாவிலேயே போதிய பி1 இருக்கிறது என்று தவறாகக் கணக்குப் போட்டதே காரணம்.

இது நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். பாபநாசத்துக்குக் கீழே தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள்; அத்தனைக்கும் தாமிரபரணி ஒன்றே ஆதாரம். மேலே ஒரு மதகில் தவறு செய்தால் கடைமடை வரை பயிர் வாடும். சிசுவின் நிலையும் அதுதான். நமக்குக் காலையில் இட்லி, மதியம் சோறு, சாயங்காலம் சுண்டல். ஒன்றில் குறைந்தது இன்னொன்றில் ஈடாகும். டின்னை மட்டுமே நம்பும் குழந்தைக்கு வேறு வாய்க்கால் இல்லை.

அப்படியானால் சோயா மாவு விஷமா? இல்லை. காலக்டோசீமியா என்ற அரிய பிறவிக் கோளாறு உள்ள குழந்தைக்குத் தாய்ப்பால்கூட ஆகாது. அதற்குச் சோயா மாவே உயிர் காக்கும். ஆனால் குறைமாதக் குழந்தைக்கு அது பொருந்தாது. சாதாரண வயிற்றுப்போக்குக்கும் தேவையில்லை. கடையில் விற்கும் சோயா பானமோ சிசு உணவே அல்ல. எது யாருக்கு என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். மதினியும் அல்ல, செல்போனும் அல்ல, இந்த இஞ்சினீயரும் அல்ல.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டிலும் 1992இலேயே சட்டம் வந்து, 2003இல் இன்னும் இறுக்கப்பட்டது. பால் மாவுக்கு விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது, டின்னில் குழந்தைப் படம் கூடாது. சோயா மாவும் இதற்குள் அடக்கம்.

தம்பி தங்கையரே, உங்களில் சிலர் நாளை உணவு ஆலையிலோ மருந்து ஆலையிலோ தரக்கட்டுப்பாட்டில் உட்காருவீர்கள். "இது ஏற்கெனவே இருக்கு சார், தனியா சேர்க்க வேண்டாம், செலவு மிச்சம்" என்று யாராவது ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை அளந்து பாருங்கள். மறுமுனையில் அதை மட்டுமே குடிக்கிற ஒரு பிள்ளை இருக்கும்.

என் தங்கைக்கு ஒரே வார்த்தையில் பதில் கேட்க ஆசை. இப்போது கேட்டால் சொல்வேன்: "அளந்து பார்க்கணும்மா."