யெஸ்ஸா, கிங் கிரிம்சனா?

புரோக்ரெஸிவ் ராக்னு பேச ஆரம்பிச்சாலே இந்தக் கேள்வி வந்துடும். என் பதிலை ஒரு டிரம்மரை வெச்சுச் சொல்றேன்: பில் புரூஃபோர்ட்.

1972இல் யெஸ் பதிவு செய்த ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ ஆல்பத்தில் மொத்தமே மூன்று பாடல்கள். தலைப்புப் பாடல் மட்டும் 18 நிமிஷத்துக்கு மேல. எல்பியின் ஒரு பக்கம் முழுக்க அதுதான். எங்கேயும் பிசிறே கிடையாது. ஆனா அந்த ஆல்பம் கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே புரூஃபோர்ட் கிங் கிரிம்சனுக்குப் போயிட்டார்.

1974இல் அவங்களோட ‘ரெட்’ வந்தது. அதில் கடைசிப் பாடல் ‘ஸ்டார்லெஸ்’, 12 நிமிஷம். நடுவில் ராபர்ட் ஃப்ரிப்பின் கிட்டார் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டும். கீழே ஜான் வெட்டனின் பேஸ். புரூஃபோர்ட் அவசரப்படாம, கொஞ்சம் கொஞ்சமா உள்ளே வருவார். எப்போ வெடிக்கும்னு நமக்குத் தெரியாது. அந்த ஆல்பம் வெளிவர்றதுக்குள்ள பேண்டே கலைஞ்சு போச்சு.

புதுசா கேட்கிறவங்களுக்கு யெஸ்ஸைத்தான் கொடுப்பேன். ஒண்ணே ஒண்ணுதான் வெச்சுக்கணும்னா, எனக்கு ‘ரெட்’. நல்லா ஓடிட்டிருந்ததை விட்டுட்டு வந்த ஒருத்தர், எதைத் தேடி வந்தார்னு அதுல கேட்குது.